பின் சக்கரம் சூடாகுதா? வீட்டு வாசல்ல பிரேக் காலிப்பர் மாத்துற கதை

(இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன. பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது, சம்பளம் பேரம் பேசுறதும் கிடையாது. இன்னைக்கு கார் பிரேக். அதிலயும் குறிப்பா, பின் சக்கரத்துல இருக்கிற காலிப்பர். அதை வீட்டு வாசல்லயே கழட்டி, புதுசு மாட்ட முடியுமா? முடியும்னா யார் பண்ணலாம், யார் பண்ணக்கூடாது? இதுதான் விஷயம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது ஹெட்லைட் பல்பு மாத்துற மாதிரி வேலை இல்லை. பல்பைத் தப்பா மாட்டினா எரியாது, அவ்வளவுதான். பிரேக்கைத் தப்பா மாட்டினா வண்டி நிக்காது. அதனால இந்த எபிசோடைக் கேட்டுட்டு உடனே ஸ்பேனர் எடுங்கன்னு நான் சொல்லப் போறது இல்லை. பாதி பேருக்கு நான் சொல்லப் போறது, "நீங்க இதைப் பண்ணாதீங்க, ஆனா மெக்கானிக் பண்ணும்போது என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு பக்கத்துல நில்லுங்க" அப்படிங்கறதுதான்.

ஒரு லிட்டர் தண்ணி கணக்கு

பிரேக் என்ன பண்ணுதுன்னு கேட்டா எல்லாரும் "வண்டியை நிறுத்துது" அப்படின்னு சொல்லுவோம். சரிதான். ஆனா இன்ஜினியரிங் பாஷையில சொன்னா, பிரேக் ஒரு அடுப்பு. ஓடுற வண்டிகிட்ட இருக்கிற சக்தியை வெப்பமா மாத்துது.

எவ்வளவு வெப்பம்? 1,200 கிலோ எடையுள்ள கார், 80 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கோங்க. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான், பாதி எம் வி ஸ்கொயர். கிட்டத்தட்ட 3 லட்சம் ஜூல் வரும். 30 டிகிரியில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணியை 100 டிகிரிக்குக் கொண்டு போக ஏறக்குறைய அதே அளவு சக்தி வேணும். அதாவது ஒரு தடவை 80-ல இருந்து வண்டியை நிறுத்தினா, ஒரு லிட்டர் தண்ணி கொதிக்கிற வெப்பம் நாலு சக்கரத்துலயும் சேர்ந்து சில நொடியில வருது.

இந்த வெப்பத்தைச் சீக்கிரம் காத்துல விடணும். அதுக்குத்தான் டிஸ்க் பிரேக். பழைய டிரம் பிரேக்ல உராய்வு எல்லாம் ஒரு மூடின சட்டிக்குள்ள நடக்கும். டிஸ்க்ல ஒரு தட்டு வெளியில காத்தாடச் சுத்தும், அதை ரெண்டு பக்கமும் பேடு அழுத்தும். இந்த யோசனைக்கு இங்கிலாந்துல ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லயே காப்புரிமை வாங்கிட்டாரு. ஆனா உலகம் அதைக் கவனிச்சது 1953-ல, லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல டிஸ்க் பிரேக் வெச்ச ஜாகுவார் ஜெயிச்சப்பதான். மத்த வண்டிங்க வளைவுக்கு முன்னாடி சீக்கிரமே பிரேக் போட ஆரம்பிக்கணும். ஜாகுவார் கடைசி வரைக்கும் வேகமா வந்து பிரேக் போட முடிஞ்சுது.

அந்தத் தட்டை ரெண்டு பேடுக்கு நடுவுல வெச்சு அழுத்துற கைதான் காலிப்பர். நீங்க பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலோட அழுத்தம் காலிப்பர் உள்ள இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். காலை எடுத்தா பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல் கொஞ்சமே கொஞ்சம் அதைப் பின்னாடி இழுக்கும். அந்தக் கொஞ்சம்தான் சக்கரம் இலகுவா சுத்துறதுக்குக் காரணம்.

பின் காலிப்பருக்கு ரெண்டு வேலை

நம்ம ஊர்ல சின்ன கார்கள்ல பெரும்பாலும் முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். கொஞ்சம் விலை கூடின வண்டிகள்லதான் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் வரும். அப்படி வர்ற வண்டிகள்ல பின் காலிப்பருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கு: ஹேண்ட் பிரேக்.

கைப்பிடியை இழுத்தா ஒரு கேபிள் இழுபடும். அது காலிப்பர் பின்னாடி இருக்கிற ஒரு சின்ன லிவரைத் திருப்பும். லிவர் உள்ள இருக்கிற ஒரு ஸ்குரூவைத் திருப்பி பிஸ்டனைத் தள்ளும். சில வண்டிகள்ல டிஸ்க்குக்கு நடுவுல தனியா ஒரு குட்டி டிரம் வெச்சிருப்பாங்க. ஆனா காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் இருக்கிற அமைப்புதான் ரொம்ப சகஜம்.

பிரச்சினை எங்க வரும்னா, அந்த லிவர் காலிப்பருக்குள்ள நுழையுற இடத்துல. அங்க ஒரு ரப்பர் மூடி இருக்கும். வயசானா அது வெடிச்சிடும். வெடிப்பு வழியா தண்ணி போகும். உள்ள துரு பிடிக்கும். லிவர் போன இடத்துல இருந்து திரும்பி வராது. நீங்க ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டீங்க, டேஷ்போர்டுல விளக்கு அணைஞ்சிடுச்சு. ஆனா ஒரு சக்கரத்துல பிரேக் பாதி பிடிச்சபடியே இருக்கு. வண்டி எந்த வார்னிங்கும் குடுக்காது. நம்ம பாஷையில சொன்னா, ப்ராசஸ் கில் ஆயிடுச்சுன்னு ஸ்கிரீன் சொல்லுது, பின்னாடி அது ஓடிக்கிட்டே இருக்கு.

திருவந்திபுரத்துல நின்ன வண்டி

எங்க வீடு திருவந்திபுரம். கடலூர்ல இருந்து மேற்கால கொஞ்ச தூரம், கெடிலம் ஆத்தங்கரை. தேவநாத சுவாமி கோயில் ஊர். முகூர்த்த நாள்ல ஔஷதகிரி மலையைச் சுத்தி நூறு கல்யாணத்துக்கு மேல நடக்கிற ஊர். கடல் காத்து, மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி, ரெண்டும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தப்போ தென்பெண்ணையும் கெடிலமும் என்ன பண்ணுச்சுன்னு கடலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவோட பழைய செடான், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். அந்தத் தண்ணியில சக்கரம் பாதி முழுகி நின்னுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகும் சில வாரம் யாரும் எடுக்கலை, ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்னுது. அப்புறம் ஓட ஆரம்பிச்சுது. ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாள் புதுச்சேரி ஜிப்மருக்கு அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து அப்பா போன்ல சொன்னாரு: "தம்பி, இடது பின்பக்கம் ஏதோ கருகுற வாடை வருது. சக்கரம் கிட்ட கையை வெக்க முடியலை."

இந்த ஒரு வாக்கியத்துல தேவையான எல்லாத் தகவலும் இருக்கு. ஒரு சக்கரம் மட்டும் சூடு, கருகல் வாடை. இதோட மைலேஜ் குறையுறது, வண்டியை நியூட்ரல்ல உருட்டினா சீக்கிரம் நின்னுடறது, ஒரு பக்கம் பேடு மட்டும் தேஞ்சிருக்கிறது, இதெல்லாம் சேர்ந்துச்சுன்னா பிரேக் விடாம பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வீட்ல சோதிக்கிறதுன்னா அதிகம் பிரேக் போடாம பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, நாலு சக்கரம் பக்கத்துலயும் கையைக் காட்டிப் பாருங்க. டிஸ்க்கைத் தொடாதீங்க, பொத்துப் போயிடும். பக்கத்துல காட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இது ஏன் ஆபத்துன்னா, பேடு தேய்றது மட்டும் இல்லை. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற குணம் உள்ளது. டாட் 4 ஆயில் புதுசா இருந்தா குறைந்தபட்சம் 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155. டாட் 3-க்கு 205, 140. பழைய ஆயில், பிடிச்சுக்கிட்ட காலிப்பர், நீளமான பயணம், மூணும் சேர்ந்தா ஆயில் கொதிச்சு ஆவிக் குமிழி வரும். ஆவியை அழுத்தலாம், ஆனா அது அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் பஞ்சு மாதிரி கீழ போகும். கடலூர்–சிதம்பரம் ரோட்ல அறுவடை சமயத்துல பாதி ரோட்ல நெல்லு காயும், மீதியில எதிர்ல பஸ் வரும். அங்க பெடல் கீழ போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி டீபக்

ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினப்போ, ரெண்டு காலிப்பர், ரெண்டு டிஸ்க், பேடு, ஓஸ், கேபிள் எல்லாத்தையும் மாத்தணும்னு முப்பதாயிரத்தைத் தாண்டி ஒரு எஸ்டிமேட் குடுத்தாங்க. எது போயிருக்குன்னு கேட்டதுக்கு, "எல்லாம் பழசு சார்" அப்படின்னு பதில். நம்ம வேலையில யாராவது பக் ரிப்போர்ட்டுக்கு "மொத்த கோடையும் மாத்தி எழுதணும்" அப்படின்னு சொன்னா ஒத்துப்போமா? முதல்ல எங்கன்னு கண்டுபிடி, அப்புறம் மாத்து.

சக்கரம் பிடிச்சுக்க அஞ்சு காரணம் இருக்கலாம். ஒண்ணு, ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ள இறுகிப் போயிருக்கலாம். ரெண்டு, காலிப்பர்ல இருக்கிற லிவர். மூணு, பிஸ்டன். நாலு, காலிப்பர் இடம் வலம் நகர உதவுற ஸ்லைடு பின். அஞ்சு, ரப்பர் ஓஸ் உள்பக்கம் வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாம இருக்கலாம்.

வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டிட்டு, ஒவ்வொண்ணா விலக்கிட்டே வரணும்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டு, காலிப்பர் லிவர்ல இருந்து கேபிளைக் கழட்டுங்க. டிஸ்க் இலகுவா சுத்துச்சுன்னா கேபிள்தான் குற்றவாளி. சுத்தலைன்னா லிவரைப் பாருங்க. கேபிள் இல்லாத லிவர் ஸ்பிரிங் இழுத்து அதோட முட்டுல போய் உக்காரணும். உக்காரலைன்னா லிவர் இறுகியிருக்கு.

அடுத்து, காலிப்பர் மேல இருக்கிற ஏர் நிப்பிளைக் கொஞ்சம் திறங்க. ஆயில் சட்டுனு பீய்ச்சி, சக்கரம் விட்டுடுச்சுன்னா அழுத்தம் உள்ள மாட்டியிருக்கு, ஓஸ் பக்கம் சந்தேகப்படணும். ஒரு மாற்றமும் இல்லைன்னா பிரச்சினை ஆயில்ல இல்லை, இரும்புல.

கடைசியா ஸ்லைடு பின்னைக் கையால இழுத்துப் பாருங்க. வழுக்கிக்கிட்டு வந்தா அது நிரபராதி.

எங்க வண்டியில கேபிள் நல்லா இருந்துச்சு, ஓஸ் நல்லா இருந்துச்சு, பின் வழுக்குச்சு. லிவர் முட்டுக்கு வரவே இல்லை. ரப்பர் மூடி ரெண்டா வெடிச்சு, உள்ள செம்மண் நிறத்துல துரு. ஆக, முப்பதாயிரம் லிஸ்ட்ல உண்மையா தேவைப்பட்டது ஒரு காலிப்பரும் ரெண்டு பக்கத்துக்கும் பேடும் புது ஆயிலும். டிஸ்க்கோட தடிமனை அளந்தோம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவுன்னு டிஸ்க் ஓரத்துலயே பெரும்பாலும் பொறிச்சிருப்பாங்க. அதுக்கு மேல இருந்துச்சு, விட்டுட்டோம்.

பேடு மட்டும் எப்பவும் ஒரு அச்சுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னு இருந்தா பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வாங்குறதும் தயாராகுறதும்

சென்னைக்காரங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ்னா ஜி.பி. ரோடு, பழைய சாமான்னா புதுப்பேட்டை. கதவு, கண்ணாடி, பம்பர் பழசு வாங்குங்க, தப்பில்லை. பிரேக் சாமான் மட்டும் பழசு வாங்காதீங்க. எந்த வெள்ளத்துல முழுகின வண்டியில இருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. பிரேக் தயாரிப்பு நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1962-ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில இருக்கு. நல்ல பார்ட் நாட்ல கிடைக்குது. பில்லோட, பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்க. போலியும் நிறைய உலாவுது, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா இருந்தா நம்பாதீங்க.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது இடதா வலதான்னு. ரெண்டும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும். மாட்டின பிறகு ஏர் நிப்பிள் மேல் பக்கம் இருக்கணும். கீழ இருந்தா தப்பு பக்கம். காத்து மேல ஏறும், நிப்பிள் கீழ இருந்தா அது வெளிய வரவே வராது.

தேவையானது: ஜாக்கி, ரெண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை, ரிங் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், பிஸ்டனைத் திருப்பி உள்ள தள்ளுற டூல், புது செம்பு வாசர், பிரேக் கிளீனர், ரப்பருக்கு ஒத்துக்கிற சிலிகான் கிரீஸ், புதுசா சீல் உடைக்கிற டாட் 4 ஆயில், ஒரு தெளிவான டியூப், ஒரு பாட்டில். சாதா கிரீஸ் போடக் கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டா வீங்கிடும்.

ஜாக்கி ஸ்டாண்டு இல்லாம இந்த வேலையைத் தொடாதீங்க. ஜாக்கி வண்டியைத் தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு இல்லை. செங்கல் அடுக்கி வெக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். செங்கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாம நொறுங்கும்.

இன்னொண்ணு. உங்க வண்டியில ஹேண்ட் பிரேக் பட்டன் மாதிரி இருந்தா, அதாவது எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், இந்த முறை உங்களுக்கு இல்லை. ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகாம பிஸ்டனைத் தள்ளினா மோட்டார் போயிடும்.

வேலை

சமதளமான சிமென்ட் தரை. முன் சக்கரங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை. கியர்ல போடணும். ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்கணும், ஏன்னா வேலையே அதுலதான். வீல் போல்ட்டை வண்டி தரையில இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கோங்க. அப்புறம் தூக்கி, ஸ்டாண்டுல உக்கார வெச்சு, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. ஆடி விழுறதா இருந்தா இப்பவே விழட்டும், நீங்க கீழ இல்லாதப்போ.

பேடு தூசியை ஊதாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது. கிளீனர் அடிச்சு ஈரமா துடைங்க.

பழைய காலிப்பர் இடத்துல இறுக்கமா இருக்கும்போதே ஓஸ் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்க. அப்புறம் கேபிளைக் கழட்டி, காலிப்பர் போல்ட்டைக் கழட்டுங்க. புது காலிப்பரைக் கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கிட்டு, ஓஸை இதுல இருந்து அதுக்கு மாத்துங்க. போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது செம்பு வாசர். பழைய வாசர் ஏற்கெனவே நசுங்கினது, திரும்ப அழுத்தினா ஒழுகும். இந்த நேரம் முழுக்க மேல பிரேக் ஆயில் டப்பாவை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். டப்பா காலி ஆயிடுச்சுன்னா காத்து ஏபிஎஸ் யூனிட் வரைக்கும் போகும், அதை எடுக்க நிறைய வண்டிகளுக்கு ஸ்கேனர் வேணும்.

காலிப்பரை எந்த நேரத்துலயும் ஓஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டுக் கட்டி வைங்க. ஆயில் பெயின்ட்டுல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்லைன்னா பெயின்ட் உரிஞ்சிடும்.

அடுத்த பக்கம் காலிப்பர் நல்லா இருக்கு, பேடு மட்டும் மாத்தணும். புது பேடு தடிமனா இருக்கும், அதனால பிஸ்டன் உள்ள போகணும். முன் சக்கர பிஸ்டனை நேரா அழுத்தலாம். ஹேண்ட் பிரேக் இருக்கிற பின் பிஸ்டன் ஸ்குரூ மேல உக்காந்திருக்கு, திருப்பிக்கிட்டே தள்ளணும். எந்தப் பக்கம் திருப்பணும்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல பாருங்க. நேரா அமுக்கினா உள் அமைப்பு உடைஞ்சு, நல்லா இருந்த காலிப்பரும் போயிடும்.

எல்லா போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கம்ங்கற எண் மேனுவல்ல இருக்கும். டார்க் ரெஞ்சுல அந்த எண்ணை வெச்சு இறுக்குங்க. "கை சொல்லும்" அப்படிங்கறது முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கைக்கு. கீபோர்டு பிடிச்ச கை எதுவும் சொல்லாது.

"மிதி... பிடி... விடு"

இப்ப உள்ள காத்து இருக்கு. எடுக்கணும். இதுக்கு ரெண்டு பேர் வேணும். அப்பா டிரைவர் சீட்ல, நான் சக்கரம் பக்கத்துல.

நிப்பிள்ல டியூபைச் சொருகி, அதோட இன்னொரு முனையைக் கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டில்ல முக்கி வைக்கணும். நான் "மிதிங்க" அப்படின்னா அப்பா மெதுவா மிதிப்பாரு. "பிடிங்க". நான் நிப்பிளைத் திறப்பேன். குமிழியோட ஆயில் வரும், பெடல் கீழ இறங்கும். நான் நிப்பிளை மூடுவேன். மூடின பிறகுதான் "விடுங்க". இந்த வரிசை மாறக் கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தா, வெளிய போன காத்து திரும்ப உள்ள வரும்.

பழைய வண்டின்னா பெடலுக்கு அடியில ஒரு சின்ன மரக்கட்டை வெச்சுக்கோங்க. பெடல் தரை வரைக்கும் போனா, மாஸ்டர் சிலிண்டர் சீல் இத்தனை வருஷம் போகாத துருப் பகுதி வரைக்கும் போய்க் கிழியலாம். அஞ்சாறு மிதிக்கு ஒரு தடவை மேல டப்பாவுல ஆயில் ஊத்திக்கிட்டே இருங்க. குமிழி நின்னு, நிறம் தெளிஞ்சு, பெடல் கல்லு மாதிரி கெட்டியாகிற வரைக்கும்.

வெளிய வந்த பழைய ஆயில் காப்பி நிறத்துல இருந்துச்சு. அப்பா அதை எட்டிப் பார்த்துட்டு, "இதை நம்பித்தான் உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனேனா" அப்படின்னாரு. அந்த ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. தனி பாட்டில்ல மூடி, இன்ஜின் ஆயிலோட கலக்காம, ஒர்க்‌ஷாப்ல கழிவு ஆயில் எடுக்கறவங்ககிட்ட குடுங்க.

ரிவ்யூ இல்லாம மெர்ஜ் கிடையாது

வேலை முடிஞ்சதும் வண்டியை எடுக்காதீங்க. முதல்ல நின்ன இடத்துலயே பெடலைப் பல தடவை மிதிங்க. பேடு டிஸ்க்கைத் தொட்டு உக்கார சில மிதி ஆகும். இதைப் பண்ணாம வண்டியை நகர்த்தினா முதல் மிதி தரைக்குப் போகும். எதிர்ல கேட் இருக்கும். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பெடல் மெல்ல இறங்கினா எங்கயோ ஒழுகுது. கீழ படுத்து ஓஸ் இணைப்பைக் காகிதத்தால ஒத்திப் பாருங்க. ஹேண்ட் பிரேக் போட்டா பிடிக்குதா, இறக்கினா ரெண்டு சக்கரமும் சமமா சுத்துதா, பாருங்க.

எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. ஆரம்பத்துலயே அவர்கிட்ட சொன்னேன், "அண்ணே, நானே மாத்தலாம்னு இருக்கேன்". அவர் சிரிக்கலை, திட்டலை. "பண்ணு தம்பி. ஆனா ரோட்ல எடுக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்கணும். அதுக்குக் காசு வாங்குவேன்" அப்படின்னாரு. வந்து, சக்கரத்தைக் கழட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டு, பெடலை மிதிச்சு, அரை மணி நேரம் பார்த்தாரு. அவருக்குக் குடுத்த காசுதான் அந்த மொத்தச் செலவுலயே எனக்கு ரொம்ப மதிப்பானதா பட்டுது. புரொடக்‌ஷன்ல போற கோடை ரெண்டாவது கண்ணு பார்க்காம விட மாட்டோம் இல்லையா? பிரேக்கை மட்டும் எப்படி விடுறது?

அப்புறம் காலியான தெருவுல 10 கிலோமீட்டர் வேகம், 20, 40. ஒவ்வொண்ணுலயும் நிறுத்திப் பார்த்தோம். நேரா நிக்குது. ஐம்பது கிலோமீட்டர் கழிச்சு மறுபடி ஒழுகல் சோதனை, வீல் போல்ட் சோதனை. நாலு சக்கரமும் ஒரே சூடு.

தேசிகர் கட்டின கிணறு

திருவந்திபுரத்துல இதைப் பத்திப் பேசிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமப் போக முடியாது. வேதாந்த தேசிகர் இந்த ஊர்ல பல வருஷம் வாழ்ந்தாரு. பெரிய தத்துவ ஞானி, கவி. எல்லாக் கலையும் அறிஞ்சவர்ங்கற அர்த்தத்துல அவருக்கு 'சர்வதந்திர சுதந்திரர்' அப்படின்னு பட்டம். வழிவழியா சொல்ற கதை இது. ஒரு கொத்தனார் வந்து, "எல்லாம் தெரியும்னா ஒரு கிணறு கட்டிக் காட்டுங்க" அப்படின்னு கேட்டானாம். குடுத்த செங்கல் எல்லாம் கோணல் மாணல். தேசிகர் வாதம் பண்ணலை, தன் கையாலயே அந்தக் கோணக் கல்லை வெச்சு வட்டக் கிணறு கட்டினாராம். அவர் வாழ்ந்த திருமாளிகையில அந்தக் கிணத்தை இன்னைக்கும் காட்டுவாங்க.

எனக்கு அந்தக் கதையில பிடிச்சது கொத்தனாரோட கேள்விதான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நம்மள்ல எத்தனை பேர் ஒரு போல்ட்டைக் கழட்டியிருக்கோம்? உராய்வுக்கு ஃபார்முலா தெரியும், பேடு எப்படி இருக்கும்னு தெரியாது. அந்த இடைவெளியிலதான் "எல்லாம் பழசு சார்" எஸ்டிமேட் வந்து உக்காருது. தெரியாததால பயப்படறோம், பயத்துல காசு குடுக்கறோம். இல்லைன்னா காசு இல்லாம அப்படியே ஓட்டறோம், அது இன்னும் மோசம்.

2022 டிசம்பர் 24-ல மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சுது. அதுல வாகனத் துறையும் ஒண்ணு. பொருளை வாங்கினவருக்கு அதைச் சரிபண்ணத் தேவையான தகவலும் பார்ட்டும் கிடைக்கணும்ங்கறது அதோட அடிப்படை. உரிமை நல்லது. ஆனா உரிமையைப் பயன்படுத்தத் தெரிஞ்ச கை வேணும். தன் கைக்கு எவ்வளவு தெரியும்னு தெரிஞ்ச தலையும் வேணும்.

யார் பண்ண வேண்டாம்

கடைசியா, நேரா சொல்றேன். ஜாக்கி ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இல்லைன்னா பண்ணாதீங்க. உங்க வண்டியோட மேனுவல் கையில இல்லைன்னா பண்ணாதீங்க. பெடல் மிதிக்க ஒருத்தர், கடைசியில சரிபார்க்க அனுபவம் உள்ள ஒருத்தர் இல்லைன்னா பண்ணாதீங்க. மறுநாள் காலையில அந்த வண்டியில ஊருக்குப் போகணும்னா, அவசரத்துல நிச்சயமா பண்ணாதீங்க. இரும்பு பைப்லயே துரு இருந்தா, போல்ட் திரும்பாம உருண்டுக்கிட்டுப் போனா, அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்க. நடுவுல நிறுத்துறது தோல்வி இல்லை.

பண்ணாதவங்களும் மூணு காரியம் பண்ணலாம். பிரேக் ஆயிலைப் பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, உங்க மேனுவல் வேற சொன்னா அதைக் கேளுங்க. வண்டியை வாரக்கணக்கில நிறுத்தப் போறீங்கன்னா, சமதரையில, ஹேண்ட் பிரேக் போடாம, கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. மழை வெள்ளத்துல நின்ன வண்டின்னா, இன்ஜினை மட்டும் பார்த்துட்டு விடாம, நாலு சக்கரத்தையும் கழட்டி பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

ஊர்ல அப்பா அம்மா ஓட்டுற வண்டியை நாம வருஷத்துல ரெண்டு தடவைதான் பார்க்கிறோம். அடுத்த தடவை போகும்போது, சாப்பிட்டுட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, நாலு சக்கரம் பக்கத்துலயும் கையைக் காட்டிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். ஒண்ணு மட்டும் சுடுதுன்னா, எதை, எந்த வரிசையில பார்க்கணும்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். பத்திரமா ஓட்டுங்க.